மாட்டுக்குச் சினை பிடிக்கவும் பெண்ணுக்கு மாதவிடாயை நிறுத்தவும் ஒரே வகை ஊசியா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் இருக்கிறோம். எங்கள் ஜெர்சிக் கலப்பு மாடு புரட்டாசியில் கன்று போட்டது. மூன்று தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. மூன்றாம் தடவை மாட்டு டாக்டர் கூடவே 2.5 மில்லி ஹார்மோன் ஊசி ஒன்றையும் தொடையில் போட்டார். ஊட்டியில் இருக்கும் என் நாத்தனாருக்கு எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு அதற்கு வெளியே வளர்ந்து வலி தரும் நோய்) என்று மாதம் ஒரு ஊசி போடுகிறார்கள்; அவருக்கு மாதவிடாயே நின்றுவிட்டது. இரண்டும் ஒரே வகை மருந்து என்கிறார்கள். அங்கே அடக்குகிற மருந்து இங்கே எப்படிச் சினை பிடிக்க வைக்கும்? மாடு மலடாகிவிடாதா? இரட்டிப்பாகப் போட்டால் பலன் கூடுமா?

பதில்: மாடு மலடாகாது. இரட்டிப்பாகப் போட்டால் பலனும் கூடாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இந்த மருந்து போய் ஒட்டுகிற இடம், எவ்வளவு வந்தது என்பதைவிட எப்படி வந்தது, விட்டுவிட்டு வந்ததா இடைவிடாமல் வந்ததா என்பதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்கிறது. அது புரிந்தால் உங்கள் மூன்று கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். அதனால் கொஞ்சம் பொறுமையாக அடியிலிருந்தே சொல்கிறேன்.

மூளையின் அடிப்பக்கம் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி. அதன் கீழே காம்பில் காய் தொங்குவதுபோல் பிட்யூட்டரி சுரப்பி; மனிதருக்குப் பட்டாணி அளவுதான். ஹைப்போதலாமஸில் சிதறிக் கிடக்கும் ஆயிரத்துச் சொச்சம் நரம்பணுக்கள் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை அந்தக் காம்பில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் விடுகின்றன. வெறும் பத்து அமினோ அமிலம் கோத்த சிறு சரம் அது. நீங்கள் கேட்ட இரண்டு ஊசியிலும் இருப்பது இதன் மாற்று வடிவங்கள்தான். ஆண்ட்ரூ ஷாலியின் குழு பன்றி மூளைகளிலிருந்தும் ரோஜர் கியுமெனின் குழு ஆட்டு மூளைகளிலிருந்தும் போட்டி போட்டுக்கொண்டு இதைப் பிரித்தெடுத்தன. அமைப்பு தெரியவந்தது 1971இல், இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றது 1977இல். இரத்தத்தில் இந்தச் சரத்துக்கு ஆயுள் மிகக் குறைவு: இரண்டு முதல் நான்கு நிமிடத்துக்குள் பாதி அழிந்துவிடும். இந்தக் குறை ஆயுளை மனதில் வையுங்கள், முழுக் கதையும் இதில்தான் நிற்கிறது.

பிட்யூட்டரியின் முன்மடலில் பத்தில் ஒரு பங்கு போல உள்ள செல்களின் மேல்தோலில்தான் இந்த ஹார்மோனுக்கான ஏற்பி உட்கார்ந்திருக்கிறது. ஏற்பி, அதாவது மருந்து போய் ஒட்டுகிற இடம் என்று முதலில் சொன்னது, ஒரு புரதம். மனிதரில் 328 அமினோ அமிலம் கொண்டது. செல்லின் தோலை ஏழு முறை ஊடுருவித் தைத்த நூல்போல் இருக்கும். ஹார்மோன் வெளியிலிருந்து வந்து அமர்ந்ததும் உள்பக்கத்தில் ஜி புரதம் ஒன்று தூண்டப்படுகிறது. செல்லுக்குள் சேமித்து வைத்த கால்சியம் கொட்டுகிறது. கால்சியம் கூடிய சில நொடிகளில், ஏற்கெனவே மூட்டை கட்டி வைத்திருந்த எல்.எச். ஹார்மோன் இரத்தத்தில் இறங்குகிறது. கூடவே உட்கருவுக்கும் செய்தி போய், மேலும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். செய்யும் ஜீன்கள் ஓடத் தொடங்குகின்றன. எஃப்.எஸ்.எச். சினைப்பையில் முட்டை இருக்கும் நீர்ப்பைகளை, அதாவது ஃபாலிக்கிள்களை வளர்க்கிறது. எல்.எச். அவற்றை முதிரச் செய்து, கடைசியில் ஒரு பேரலையாக எழும்போது பையை வெடிக்க வைத்து முட்டையை வெளியே விடுகிறது. ஆணுக்கும் இதே இரண்டுதான்: எல்.எச். டெஸ்டோஸ்டிரோன் சுரக்கச் செய்யும், எஃப்.எஸ்.எச். விந்தணு உருவாக உதவும்.

ஹைப்போதலாமஸ் இந்தச் சரத்தைத் தொடர்ந்து ஊற்றுவதில்லை. விட்டு விட்டு, துடிப்பு துடிப்பாக விடுகிறது. தேயிலைத் தோட்டத்துச் சங்கை நினைத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கு ஊதி நின்றால் ஆட்கள் கூடையை எடுக்கிறார்கள். நாள் முழுக்க நிற்காமல் ஊதிக்கொண்டே இருந்தால் அது சத்தம்தான். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 1978இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபிலின் குழு இதைக் குரங்குகளில் காட்டியது. சொந்தமாக ஜி.என்.ஆர்.எச். சுரக்க முடியாதபடி செய்த குரங்குகளுக்கு மணிக்கு ஒரு முறை, ஆறு நிமிடம் மட்டும் மருந்தைச் செலுத்தியபோது எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் எழுந்து நின்றன. அதே மருந்தை இடைவிடாமல் செலுத்தியதும் இரண்டும் சரிந்தன. மறுபடி மணிக்கொரு முறை என்று மாற்றியதும் மறுபடி எழுந்தன. மருந்து ஒன்றே, குரங்கும் ஒன்றே. மாறியது இடைவெளி மட்டும். உங்கள் மாடும் உங்கள் நாத்தனாரும் இந்தச் சோதனையின் இரண்டு பக்கங்கள்.

தாளத்தின் வேகத்துக்கும் பொருள் உண்டு. மணிக்கு ஒன்று என்ற வேகத்தில் துடித்தால் எல்.எச். பக்கம் சாய்கிறது, இரண்டு மூன்று மணிக்கு ஒன்று என்று மெதுவானால் எஃப்.எஸ்.எச். பக்கம் சாய்கிறது. ஒரே ஏற்பியை வைத்துக்கொண்டு இரண்டு ஹார்மோனின் விகிதத்தையும் உடல் மாற்றிக்கொள்வது இப்படித்தான். மாட்டில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் திரள் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும்வரை எல்.எச். துடிப்பு மூன்று நான்கு மணிக்கு ஒன்றுதான். திரள் கரைந்து புரோஜெஸ்டிரோன் இறங்கியதும் துடிப்பு மணிக்கு ஒன்று என்று வேகமெடுக்கிறது. அந்த வேகத்தில் ஃபாலிக்கிள் பெருத்து ஈஸ்ட்ரோஜனைக் கொட்டுகிறது. ஈஸ்ட்ரோஜன் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, மாட்டைக் கத்த வைத்து, மற்ற மாட்டின் மேல் தாவ வைத்து, பருவத்தை வெளிக்காட்டுகிறது. இரண்டு, பிட்யூட்டரி செல்லின் மேல் ஜி.என்.ஆர்.எச். ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. துடிப்புகளும் தம் பங்குக்கு ஏற்பிகளைக் கூட்டும். ஏற்பிகள் என்ற காது கூடிப்போன நேரத்தில் ஹைப்போதலாமஸும் பெரிதாக ஒரு முறை ஊற்ற, எல்.எச். பேரலை எழுகிறது. பருவம் தொடங்கி ஏறத்தாழ 28 முதல் 30 மணி நேரத்தில் முட்டை வெளியேறும்.

இப்போது உங்கள் மாட்டுக்குப் போட்ட 2.5 மில்லி. பெரும்பாலும் அது பியூசரலின். மில்லிக்கு 4 மைக்ரோகிராம் என்று புட்டியில் அச்சிட்டிருக்கும், ஆக மொத்தம் 10 மைக்ரோகிராம். இயற்கைச் சரத்தில் ஆறாவது அமினோ அமிலத்தையும் கடைசி முனையையும் மாற்றிக் கோத்த மருந்து இது. அந்த மாற்றங்களால் நொதிகள் எளிதில் வெட்ட முடியாது, ஏற்பியிலும் இறுகப் பிடிக்கும். அப்படியிருந்தும் ஒரு ஊசியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். எல்.எச். சுமார் இரண்டு மணியில் உச்சத்துக்குப் போய், நான்கைந்து மணியில் இறங்கிவிடும். 24 முதல் 32 மணி நேரத்துக்குள் முதிர்ந்த ஃபாலிக்கிள் வெடிக்கும். மாட்டைப் பொறுத்தவரை ஒரே ஒரு சங்கு, அவ்வளவுதான். அடுத்த நாள் பிட்யூட்டரி தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

இரட்டிப்பு ஏன் உதவாது? வெளியே வரும் எல்.எச். அந்தச் செல்களில் ஏற்கெனவே மூட்டை கட்டிய இருப்புதான். 10 மைக்ரோகிராமே அதற்கு வேண்டிய அலையை எழுப்பிவிடுகிறது. மறுநாளும் ஒன்று போடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்: வெடிக்க வேண்டிய ஃபாலிக்கிள் அதற்குள் வெடித்திருக்கும் அல்லது வெடிக்கும் தறுவாயில் இருக்கும், இரண்டாவது அலைக்கு அங்கே வேலை இல்லை. 20 மைக்ரோகிராம், அதாவது 5 மில்லி போடும் இடம் ஒன்று உண்டு, சினைப்பைக் கட்டி. இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் பெருத்த ஃபாலிக்கிள் பத்து நாளுக்கு மேல் வெடிக்காமல் நிற்கும், மஞ்சள் திரளும் இருக்காது. சில மாடு அடிக்கடி பருவம் காட்டும், சில மாடு காட்டவே காட்டாது. பிட்யூட்டரியில் இருப்பும் இருக்கும், ஏற்பியும் இருக்கும். ஈஸ்ட்ரோஜன் தந்த செய்திக்கு ஹைப்போதலாமஸ்தான் பதில் கொடுக்காமல் விட்டிருக்கும். ஊசி அந்த இடத்தைத் தாண்டி நேராக ஏற்பியைத் தட்டுகிறது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நன்றாகப் பருவம் காட்டிய மாட்டுக்குச் சினை ஊசியன்று இந்த மருந்தைப் போடுவதால் பெரும்பாலும் கூடுதல் பலன் இல்லை. அதன் சொந்த அலை பருவம் தொடங்கும்போதே எழுந்திருக்கும். முட்டை தாமதமாக வெளியேறும் மாட்டுக்குத்தான் உதவுகிறது. மூன்று தடவை நிற்காத மாட்டில் மருத்துவர் அப்படிச் சந்தேகப்பட்டிருப்பார், அது நியாயம்தான்.

இந்த முறையும் நிற்காமல் 18 முதல் 24 நாளுக்குள் மறுபடி பருவத்துக்கு வந்தால், கருப்பையில் நோய்த்தொற்று இல்லை என்று பார்த்த பிறகு, நேரம் குறித்துச் சினை ஊசி போடும் முறையை மருத்துவரிடம் கேளுங்கள். ஓவ்சிங்க் என்பார்கள், 1995இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வகுத்தது. நாள்காட்டியில் வைத்துச் சொன்னால் எளிது. திங்கள் காலை 8 மணிக்கு ஜி.என்.ஆர்.எச். ஊசி. அடுத்த திங்கள் காலை 8 மணிக்கு புரோஸ்டாகிளான்டின்; குளோப்ரோஸ்டினால் என்றால் 500 மைக்ரோகிராம். 56 மணி கழித்து, புதன் மாலை 4 மணிக்கு இரண்டாவது ஜி.என்.ஆர்.எச். வியாழன் காலை 8 முதல் 12 மணிக்குள் சினை ஊசி, பருவ அறிகுறி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். முதல் ஊசி இருக்கும் பெரிய ஃபாலிக்கிளை வெடிக்க வைத்துப் புது ஃபாலிக்கிள் அணியை ஒன்றுபோல் தொடங்கி வைக்கிறது. நடு ஊசி மஞ்சள் திரளைக் கரைக்கிறது. கடைசி ஊசி முட்டை வெளியேறும் நேரத்தைப் பூட்டுகிறது.

இது எங்கே பிசகும்? முதல் நாளில் சினைப்பையில் 10 மில்லிமீட்டரை எட்டிய ஃபாலிக்கிள் இல்லையென்றால் எல்.எச். அலை எழுந்தும் வீண். அதைவிடச் சிறியதற்கு எல்.எச். ஏற்பி இன்னும் முளைத்திருக்காது. பருவம் கழிந்த 5 முதல் 12 நாளுக்குள் தொடங்கினால் இந்தச் சிக்கல் குறைவு. மஞ்சள் திரள் பிறந்து ஐந்து நாள் ஆகவில்லையென்றால் நடு ஊசிக்கு அது கரையாது. நம் மலையில் அதிகம் பிசகுவது கடைசிக் கட்டம்: மழை, மண்சரிவு, வண்டி வரவில்லை என்று புதன் மாலை ஊசி வியாழன் காலைக்குத் தள்ளிப்போகும், சினை ஊசியை மட்டும் அதே வியாழன் காலையில் போட்டுவிடுவார்கள். முட்டை வெளியேற இன்னும் ஒரு நாளுக்கு மேல் இருக்கும்போது விந்தணு உள்ளே போய் வாடிவிடும். ஒன்று தள்ளினால் அடுத்ததையும் அதே மணி அளவு தள்ள வேண்டும்.

மார்கழி, தை உறைபனியில் இன்னொரு காரியம். 37 டிகிரி வெந்நீரில் 30 நொடி உருக்கிய விந்துக் குச்சியை, விடிகாலை ஐந்து டிகிரிக் குளிரில் விந்து செலுத்தும் வெறும் இரும்புத் துப்பாக்கியில் ஏற்றினால் விந்தணு குளிர் அதிர்ச்சியிலேயே செத்துவிடும். குச்சியை ஈரம் போகத் துடைத்து, துப்பாக்கியைச் சூடாக்கித் துணியில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக் கொட்டகைக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். மூன்று தடவை தவறியதற்கு ஹார்மோனைவிட இது காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு.

தீவனமும் இந்த ஏற்பிக் கதைக்கு வெளியே இல்லை. உறைபனியில் கிக்குயூ புல் கருகிவிடுகிறது. கேரட் இலையும் முட்டைக்கோஸ் கழிவும் போட்டு வயிற்றை நிரப்புகிறோம். அவற்றில் பெரும்பகுதி தண்ணீர். கன்று போட்டு முதல் இரண்டு மூன்று மாதம் பாலில் போவது அதிகம், வயிற்றுக்குள் வருவது குறைவு. இந்தப் பற்றாக்குறையை ஹைப்போதலாமஸ் உணர்ந்து துடிப்பின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. மணிக்கொரு துடிப்பு இல்லாமல் ஃபாலிக்கிள் முதிராது. முதிராத ஃபாலிக்கிள் மேல் எவ்வளவு ஊசி போட்டு என்ன? உடம்பைப் பராமரிக்க ஒன்றரை முதல் இரண்டு கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ, தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை என்று கணக்கு வையுங்கள். விலா எலும்பு வரிவரியாகத் தெரியும் மாட்டுக்கு முதலில் தீவனம், பிறகுதான் ஊசி.

நாத்தனாருக்கு வருவோம். எண்டோமெட்ரியோசிஸுக்கு வழக்கமாகப் போடும் லியூப்ரோலைடு மாதத்துக்கு 3.75 மில்லிகிராம். எடையில் மட்டும் பார்த்தால் உங்கள் மாட்டுக்குப் போனதைப் போல 375 மடங்கு. அதைவிட முக்கியம், அது நுண்ணிய உருண்டைகளுக்குள் பொதிந்து வைத்து ஒரு மாதம் முழுக்கக் கசிந்துகொண்டே இருக்கும்படி செய்தது. மாதம் முழுவதும் நிற்காத சங்கு. முதல் ஒன்று இரண்டு வாரம் எல்.எச்., எஃப்.எஸ்.எச். கூடும், வலியும் இரத்தப்போக்கும் சற்று அதிகமாகலாம், பயப்பட வேண்டியதில்லை. பிறகு ஏற்பிகள் செல்லின் தோலிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டுக் குறைகின்றன, உள்ளே செய்தி போகும் வழியும் மங்குகிறது, எல்.எச். இருப்பும் வடிகிறது. மூன்று நான்கு வாரத்தில் ஈஸ்ட்ரோஜன் மாதவிடாய் நின்றவர்களின் அளவுக்கு இறங்கும். வலிக்குக் காரணமான திசுவுக்குத் தீனி இல்லாமல் போகிறது. சிகிச்சையின் நோக்கமே அதுதான்.

இந்த ஏற்பியின் விசித்திரம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இதன் இனத்து மற்ற ஏற்பிகளுக்குச் செல்லுக்குள் தொங்கும் வால் ஒன்று உண்டு. அதிகம் தூண்டினால் அந்த வாலைப் பிடித்துச் சில நிமிடத்தில் செல் அதை அணைத்துவிடும். பாலூட்டிகளின் ஜி.என்.ஆர்.எச். ஏற்பிக்கு அந்த வால் கிடையாது. மீனுக்கும் பறவைக்கும் இருக்கிறது, நமக்கும் மாட்டுக்கும் இல்லை. அதனால் இது சட்டென்று அணையாது. மெல்ல மெல்லத்தான் ஓய்கிறது. தொடக்கத்து எழுச்சி இரண்டு வாரம்வரை நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம். புராஸ்டேட் புற்றுநோய்க்கு இதே மருந்தைப் போடும்போது அந்த எழுச்சி ஆபத்தானது. எலும்பில் பரவிய நோய் முதுகுத்தண்டை அழுத்திவிடலாம். ஆகவே டெஸ்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் பைகாலுட்டமைடு போன்ற மாத்திரையை முன்னதாகவே கொடுப்பார்கள். எழுச்சியே வேண்டாம் என்றால் ஏற்பியைத் தூண்டாமல் அடைத்து மட்டும் வைக்கும் டெகாரெலிக்ஸ் போன்ற மருந்துகள் உண்டு. காளைக்கு லியூப்ரோலைடு போல ஏற்பியைத் தூண்டும் வகை மருந்தைத் தோலடியில் பதித்துத் தொடர்ந்து கசிய விட்டால் டெஸ்டோஸ்டிரோன் குறைவதில்லை, கூடுகிறது. மனித ஆணுக்கு நடப்பதற்கு நேர் எதிர். ஓர் உயிரினத்தில் கண்டதை அப்படியே இன்னொன்றுக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

முயலைப் பாருங்கள். பழனி மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையம் முயலும் வளர்க்கிறது. முயலுக்கு மாதச் சுழற்சி கிடையாது. ஆணோடு சேர்ந்தால்தான் ஜி.என்.ஆர்.எச். கொட்டும், 10 முதல் 12 மணி நேரத்தில் முட்டை வரும். செயற்கை முறையில் விந்து செலுத்தினால் கூடவே ஜி.என்.ஆர்.எச். ஊசியும் போட்டாக வேண்டும், இல்லையென்றால் முட்டையே வராது.

பிறவியிலேயே இந்த ஏற்பியில் பழுதுள்ள மனிதர்களும் உண்டு. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால் பருவ வயது வந்தும் மாற்றம் வராது, எல்.எச்., எஃப்.எஸ்.எச். குறைவாகவே இருக்கும், மணம் நுகரும் திறன் மட்டும் நன்றாக இருக்கும். 1997இல்தான் இது முதலில் அடையாளம் காணப்பட்டது. உறவுக்குள் மணம் செய்யும் குடும்பங்களில் இப்படி இரண்டு பழுதான ஜீன் சேர வாய்ப்பு கூடுதல். பெண்ணுக்குப் பதிமூன்று வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை, பையனுக்குப் பதினான்கு வயதாகியும் விதை பெருக்கவில்லை என்றால் “மெதுவாக வரும்” என்று காத்திருக்காமல் ஹார்மோன் மருத்துவரிடம் காட்டுங்கள், சிகிச்சை உண்டு.

நாத்தனார் கவனிக்க வேண்டியவை: அடுத்த ஊசியின் நாளைத் தள்ளக் கூடாது. தள்ளினால் ஏற்பிகள் திரும்பி வந்து, புதிய ஊசியில் மறுபடி எழுச்சியோடு தொடங்கும். உடம்பில் திடீர் சூடு, வியர்வை, தூக்கக் குறைவு வருவது ஈஸ்ட்ரோஜன் இறங்கியதால். எலும்பு அடர்த்தி குறையும் என்பதால் பொதுவாக ஆறு மாதத்தோடு நிறுத்துவார்கள், அல்லது சிறு அளவு ஹார்மோனைக் கூடவே கொடுப்பார்கள். இதை அவர் மருத்துவரிடம் கேட்கட்டும். நிறுத்திய பிறகு பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்துக்குள் மாதவிடாய் திரும்பும். மாதவிடாய் நின்றிருப்பதைக் கருத்தடை என்று நம்பக் கூடாது.

கடைசியாக, மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒன்று. ஜி.என்.ஆர்.எச். ஊசியை 25 டிகிரிக்குக் கீழே வெளிச்சம் படாமல் வைத்தால் போதும், உறைய விடக் கூடாது. ஆனால் நடுவில் போடும் குளோப்ரோஸ்டினால் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தப் புட்டியைத் தொடவே வேண்டாம். கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்தத் திங்கட்கிழமை வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி யாராவது இருந்தால் மாட்டைப் பிடிக்க வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.